ஓடக்காரருக்கு என்ன கொடுப்பது?

கூத்தாநல்லூர் நேயர் ஒருவர் நமக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கமும் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைப் பற்றியது.

திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், நாற்புறமும் நெல் வயல் சூழ இருக்கும் ஊர் கூத்தாநல்லூர். ஊரைச் சுற்றி விளைவது நெல்லானாலும், ஊருக்குள் செழிப்பை விளைவித்தது கடல் கடந்த வியாபாரமும் உத்தியோகமுமே. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சபர் போன தகப்பனாரும், அவரைத் தொடர்ந்து போன பிள்ளையும் இல்லாத குடும்பம் அங்கே அபூர்வம். நமக்கு எழுதியிருப்பவரும் அப்படிப்பட்ட ஒரு சபராளியின் தகப்பனார்தாம்.

விடுமுறைக்கு வந்த பிள்ளை, மருமகள், பேரக் குழந்தைகள், மைத்துனர் ஆகிய எல்லோரையும் அழைத்துக்கொண்டு, கடலோரத்து அலையாத்திக் காடு ஒன்றுக்குப் படகில் போனாராம். மூன்று மணி நேரப் பிரயாணம். படகோட்டி, 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அடித்த கஜா புயலில் பட்டுப்போன மரங்களைக் காட்டினார். எந்தத் திட்டில் எந்த வேளையில் எந்தப் பறவை இறங்கும் என்று சொன்னார். சேற்றில் சிக்கிய படகை இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளினார். பேத்தி பூநாரை பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தபோது, "நீர் வற்றட்டும் பாப்பா, அப்புறம் பார்ப்போம்" என்று சமாதானம் சொல்லி, அரை மணி நேரம் அதிகமாகவே காத்திருந்தார். பூநாரை மட்டும் வரவில்லை.

கரைக்குத் திரும்பியதும் வழக்கு ஆரம்பமாயிற்று. பெரியவர் நூறு ரூபாயை எடுத்தார். "அத்தா, சீட்டு வாங்கியாயிற்றே, மேற்கொண்டு எதற்கு? சிங்கப்பூரில் இப்படிக் கையில் திணிக்கிற வழக்கமே கிடையாது" என்றார் பிள்ளை. "பூநாரையைக் காட்டியிருந்தால் நானே கொடுத்திருப்பேன்" என்றார் மைத்துனர். பேச்சு வளர்வதைக் கண்டு வெட்கமடைந்த பெரியவர், கரையில் நின்று எல்லோரையும் அதிகாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் கையில் ஐந்நூறு ரூபாயை வைத்து, "எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு மோட்டாரில் ஏறிவிட்டார். படகோட்டி அப்போது கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். வீடு வந்து சேர்ந்த பிறகு பெரியவருக்குத் தூக்கமில்லை. அந்த நோட்டில் ஒரு ரூபாயாவது படகோட்டியின் கைக்குப் போயிருக்குமா? எது முறை என்று நம்மைக் கேட்கிறார்.

இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஹோட்டல் மேஜையில் சில்லறையை விட்டு வருவது போன்ற விஷயம் அல்ல இது. வேட்டைக்கும் காட்டுப் பிரயாணத்துக்கும் போகிறவர்கள் தங்கள் உயிரை ஒரு நாள் முழுவதும் இன்னொருவர் கையில் ஒப்புவிக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த வழி நமக்குத் தெரியாது. அவர் கேட்கும் சத்தம் நம் காதில் விழாது. அப்படிப்பட்டவருக்கு மாலையில் என்ன கொடுப்பது என்பது வேட்டை தோன்றிய நாளிலிருந்து இருந்து வரும் கேள்வி.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் அதற்கு அவர்கள் கண்ட பதில் விசித்திரமானது. நெல் வயல் நிறைந்த ஜில்லாக்களில் உள்ளான் வேட்டை துரைமாருக்குப் பிரியமான பொழுதுபோக்கு. துரை வரப்பில் நடப்பார். கிராமத்து ஆட்கள் முழங்கால் சேற்றில் நடந்து பறவையைக் கிளப்புவார்கள். விழுந்ததைத் தேடி எடுப்பார்கள். வேட்டை நன்றாயிருந்தால் பக்ஷீஸ் தாராளம்; குறி தவறினால் துரைக்குக் கோபம். குறி தவறியது துரையின் கை. பக்ஷீஸ் குறைந்தது ஆளின் கையில்! கூத்தாநல்லூர் மைத்துனர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால், அவருடைய பூநாரை நியாயமும் இந்தத் துரை நியாயத்தின் பேரப் பிள்ளைதான் என்று சொல்வோம்.

ராஜபுதனத்தில் பரத்பூர் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. அங்கே உள்ள நீர்நிலைகளில் வாத்து வேட்டைக்கு வைஸ்ராய்களை அழைப்பது மகாராஜாக்களின் வழக்கம். 1938-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி லின்லித்கோ பிரபுவின் கோஷ்டியார் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஆயிரம் அல்ல, இரண்டாயிரம் அல்ல. நாலாயிரத்து இருநூற்று எழுபத்து மூன்று. இதைக் கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம், எந்தப் பிரபு வந்தார், எத்தனை பறவைகள் விழுந்தன என்று வரிசையாகக் கல்வெட்டு. தண்ணீரில் இறங்கி அந்த நாலாயிரத்தையும் பொறுக்கிக்கொண்டு வந்த ஏழைகளின் பெயருக்கு அந்தக் கல்லில் இடம் கிடைக்கவில்லை.

காலம் மாறிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் சில பிராணிகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. பரத்பூர் வேட்டைக் காடு 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் ஏறியது. இன்று அங்கே போகிறவர்களை அழைத்துச் செல்பவர்கள் ரிக்‌ஷாக்காரர்கள். பறவைகளை இனம் கண்டு சொல்லப் பயிற்சி பெற்று, அனுமதியோடு வேலை செய்கிறவர்கள். வண்டியையும் ஓட்டிக்கொண்டு, கண்ணில் பட்ட பறவையின் பெயரையும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கல்லில் பெயர் ஏறிய பிரபுக்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் சுட்ட வாத்து எந்த ஜாதி என்று தெரிந்திருக்குமோ?

நம் சோழ நாட்டுக்கும் இதே கதைதான். வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் ஏரி, முத்துப்பேட்டைக் காயல், கோடிக்கரை எல்லாம் இன்று பறவைகளைக் காண்பதற்கான இடங்கள். வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் ராம்சார் ஈர நிலங்களின் வரிசையில் சேர்ந்தன. கோடிக்கரை 2002-இலேயே சேர்ந்துவிட்டது. துப்பாக்கி போய்த் தூரதிருஷ்டிக் கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் வேட்டைக்கு வழி காட்டியவரின் இடத்தில் வழி காட்டுகிறவர் இன்னும் இருக்கிறார். அவருக்கு என்ன கொடுப்பது என்பதை மட்டும் நாம் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. சில வீடுகளில் ரகசியமாக உள்ளான் கறியும் கொக்குக் கறியும் வாங்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். அதற்குக் கொடுக்கிற பணத்துக்கு முறை சொல்ல நாம் வரவில்லை. அது சட்டத்துக்கு விரோதம்.

சட்டப்படி வேட்டை நடக்கிற தேசங்களில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் வேட்டைப் பண்ணைக் காவலருக்கு விருந்தாளி கொடுக்கும் தொகை அன்று விழுந்த பறவைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறுவது வழக்கம். மாலையில் அவர் ஒரு ஜோடிப் பறவையை நீட்டுவார். இவர் கைகுலுக்குவது போல் நோட்டை நழுவ விடுவார். மரியாதை என்னவோ அழகுதான். கணக்குத்தான் பழைய துரைக் கணக்கு. தென்னாப்பிரிக்கா, நமீபியா முதலிய இடங்களில் உள்ள வழக்கம் இதைவிட மேலானது என்று தோன்றுகிறது. கடைசி நாளன்று, தடம் பார்த்தவருக்கு ஓர் உறை, தோல் உரித்தவருக்கு ஓர் உறை, சமைத்தவருக்கு ஓர் உறை என்று தனித் தனியாக வைக்கிறார்கள். யார் யார் வேலை செய்தார்கள் என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத நாலு பேரை மறந்துவிடும் தோஷம் இதில் இல்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் களத்துமேட்டில் இல்லாத முறையா? அந்தக் காலத்தில் நெல்லைத் தூற்றிக் குவித்ததும், மிராசுதார் தம் பங்கை அளப்பதற்கு முன் காவல்காரன், வெட்டியான், தச்சன், கொல்லன், நாவிதன், வண்ணான் என்று ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லை ஒதுக்குவார்கள். அதற்குச் 'சுதந்திரம்' என்றே பெயர். இனாம் என்று சொல்வதில்லை. அது கொடுப்பவரின் தயவு அல்ல, வாங்குகிறவரின் உரிமை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அந்த முறையில் அநியாயங்கள் இல்லாமல் இல்லை. பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-இல் தஞ்சைக்கென்று தனிச் சட்டமே செய்ய வேண்டியிருந்தது. அளந்தவர் கை சுருங்கினால் உரிமையும் சுருங்கத்தானே செய்யும்? ஆனாலும் கூலி வேறு, கூலிக்கு மேல் மனமுவந்து கொடுப்பது வேறு என்ற பகுப்பு நம்மவர்களுக்குப் புதிதல்ல.

ஆகவே, முதலாவது கூலி. படகுக்குக் கொடுத்த சீட்டுப் பணத்தில் படகோட்டிக்கு எவ்வளவு போகிறது என்று புறப்படும்போதே கேட்பதில் குற்றமில்லை. உழைத்தவனின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்பதைக் கூத்தாநல்லூர்ப் பெரியவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நபிகள் நாயகத்தின் போதனையாகச் சிறு வயதிலேயே கேட்டிருப்பார். பேசிய கூலியைக் குறைத்துவிட்டு, 'இனாமாக வைத்துக்கொள்' என்று கடைசியில் ஒரு நோட்டை நீட்டுவது தானமும் ஆகாது, கூலியும் ஆகாது.

சிங்கப்பூர்ப் பிள்ளையின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அங்கே அநேக சாப்பாட்டுக் கடைகளில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஏற்பாடு நம் காயற்கரையிலும் ஏற்பட்டால் நமக்குச் சந்தோஷமே. ஏற்படாத வரையில் அந்தப் பத்தை நாமே கணக்கிட்டுக் கொடுப்பதுதான் வழி. ஆயிரம் ரூபாய்ப் படகுக்கு நூறு என்பது நம்முடைய அபிப்பிராயம். படகைத் தள்ளுவதற்குச் சேற்றில் இறங்கினார் என்றால் இருநூறு. பூநாரை வந்ததா வரவில்லையா என்பது இந்தக் கணக்கில் சேராது. பூநாரை அவர் வளர்த்த கோழி அல்ல, கூப்பிட்டவுடன் வர!

இரண்டாவது, யார் கையில் கொடுப்பது? வேலை செய்த கையில். கரையில் நின்று அதிகாரம் செய்கிறவரிடம் 'பிரித்துக்கொள்ளுங்கள்' என்று கொடுப்பது, பிரிக்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமானம். இதற்கு முன்யோசனை வேண்டும். வீட்டிலிருந்து புறப்படும்போதே நூறு ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகளாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இக்காலத்தில் எல்லோரும் கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தப் பழகிவிட்டார்கள். அலையாத்திக் காட்டின் நடுவே அந்தக் கருவி ஊமையாகிவிடும் சந்தர்ப்பம் உண்டு. சில்லறை இல்லை என்று சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது நம் கௌரவத்துக்கு அழகல்ல.

கட்டுச்சோறு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். படகில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, படகோட்டிக்கும் முதலிலேயே ஒரு பொட்டலம் கொடுங்கள். எல்லோரும் தின்று மிஞ்சியதைச் சுற்றிக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது சற்றுக் கசப்பானது. எப்போது கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்ற விஷயம். இதில் நாமே ஒரு முறை குற்றவாளியானோம்.

சில வருஷங்களுக்கு முன் நண்பர்களோடு ஓர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போனோம். எந்த ஏரி என்பது வேண்டாம். மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். கயிறு கட்டி எல்லை வகுத்திருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் படகு போகக் கூடாது என்று ஓடக்காரர் சொன்னார். நம்முடன் வந்தவர் படம் பிடிப்பதில் ஆசை கொண்டவர். பிரயாணத்தின் பாதியிலேயே நாம் ஐந்நூறு ரூபாயை எடுத்து ஓடக்காரரின் சட்டைப் பையில் வைத்தோம். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை மட்டும் பார்த்தோம். அவரும் கயிற்றைப் பார்த்தார். பிறகு படகு கயிற்றைத் தாண்டிற்று.

பறவைகள் அனைத்தும் ஒரே இரைச்சலாக எழுந்தன. அவை மறுபடி வந்து அமர்வதற்குள் காகங்கள் வந்துவிட்டன. காகம் முட்டையைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போவதை அவ்வளவு கிட்டத்தில் நாம் அதற்கு முன் பார்த்ததில்லை. நண்பருக்கு நல்ல படம் கிடைத்தது. மறு வருஷம் அதே ஏரிக்குப் போனபோது அந்த ஓடக்காரர் இல்லை. கயிற்றைத் தாண்டியதற்காக அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்களாம். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டோம். கட்டட வேலைக்குக் கேரளத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். எல்லை தாண்டச் சொன்ன நம்மை யாரும் நிறுத்தவில்லை. சீட்டு வாங்கி மறுபடி படகில் ஏறினோம்.

நாம் அன்று கொடுத்ததை இனாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். வேலைக்கு நடுவில், ஒன்றை எதிர்பார்த்துக் கொடுக்கும் பணத்துக்கு வேறு பெயர் உண்டு. 'மாமூல்' என்ற சொல்லைப் பாருங்கள். அரபியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு 'வழக்கமானது' என்று மாத்திரமே பொருள். வழக்கமாகக் கொடுத்துக் கொடுத்தே அதை லஞ்சத்துக்குப் பெயராக்கிவிட்டோம். ஆகவே, கொடுப்பதைக் கரையேறிய பிறகு கொடுங்கள். விதியை மீற ஓடக்காரர் மறுத்திருந்தால், மறுத்ததற்காகவே கொஞ்சம் அதிகமாகக் கொடுங்கள். அதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

வனத்துறையில் சர்க்கார் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தருக்கும் காவலருக்கும் எந்தக் காரணத்தைக் கொண்டும் பணம் கொடுக்கலாகாது. நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் அவருக்கு ஆபத்து. 1988-ஆம் வருஷத்து லஞ்ச ஒழிப்புச் சட்டத்தை 2018-இல் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கிவிட்டார்கள். அவர் உதவியாக இருந்திருந்தால், மேலதிகாரிக்குப் பெயர் குறிப்பிட்டு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதுங்கள். தபால் செலவு ஐந்து ரூபாய் ஆகும். ஐந்நூறு ரூபாயைவிட அவருக்கு அதனால் பிரயோஜனம் அதிகம்.

பெயர் என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. பீகாரில் பரம்பரையாகப் பறவை பிடிக்கும் மீர்ஷிகார் வகுப்பில் பிறந்தவர் அலி ஹுசேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவை போகும் வழியை ஆராய்ந்தபோது, உயிருக்குச் சேதமில்லாமல் பறவையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர். நம் கோடிக்கரையிலும் பல காலம் அந்த வேலை செய்திருக்கிறார். வேட்டைக்காரன் கையிலிருந்த வித்தை சாஸ்திரத்துக்கு உதவிற்று. அவருடைய பெயரையும் பறவை ஆராய்ச்சியாளர்கள் மறக்காமல் சொல்கிறார்கள். பரத்பூர்க் கல்லில் இல்லாத மரியாதை இது. நம் நரிக்குறவர்களிடம் இதே வித்தை எவ்வளவு இருக்கிறது! பறவையின் குரலை வைத்தே அது நிற்கும் இடத்தைச் சொல்லக் கூடியவர்கள். வேட்டை நின்ற பிறகு அவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தலாம் என்ற யோசனை ஏன் இவ்வளவு பேருக்குத் தோன்றாமல் போயிற்றோ, தெரியவில்லை.

கம்பர் நம் சோழ நாட்டுத் தேரழுந்தூர்க்காரர். அவர் பாடிய குகன் வேடனும் ஆவான், ஓடக்காரனும் ஆவான். கங்கையைக் கடத்திவிட்டதற்கு இராமன் அவனிடம் கூலி பேசவில்லை. 'தம்பி' என்று சொல்லிவிட்டான். நம்மில் பலர் இந்த உதாரணத்தின் முதல் பாதியை மட்டும் பின்பற்றுகிறார்கள். நாம் இராமனல்ல, ஓடக்காரரும் சிருங்கிபேரத்து அரசரல்ல. அவருக்கு மாலையில் அரிசி வாங்க வேண்டும். கூலியையும் கொடுத்துத் தம்பி என்றும் சொன்னால் கம்பர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி, கூத்தாநல்லூர்ப் பெரியவர் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கும் கேள்வி. அந்த ஐந்நூறு ரூபாய் போனது போகட்டும், இப்போது என்ன செய்யலாம் என்கிறார். பேத்தியோடு படகோட்டி நிற்கும் படம் ஒன்று பிள்ளையின் கைப்பேசியில் இருக்கிறதாம். ஆனால் படகோட்டியின் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையாம்.

மூன்று மணி நேரம் ஒரே படகில் இருந்திருக்கிறார்கள்! எத்தனையோ பறவைகளின் பெயரை அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் படத்தைக் கடையில் கொடுத்து அச்சிட்டுக்கொள்ளட்டும். பூநாரைகள் ஐப்பசிக்கு மேல் வரத் தொடங்கும். பேத்தி சிங்கப்பூருக்குத் திரும்பிப் போயிருப்பாள். பெரியவர் தாமே ஒரு நாள் பஸ் ஏறிப் போய்வரலாம். படத்தையும், தனியாக எடுத்து வைத்த இருநூறு ரூபாயையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பெயரைக் கேட்டு நமக்கும் ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவோம்.